காய்ந்துபோன குழாய்கள்

அன்று பொலிஸ் நிலைய அறையில் இருந்தவர்கள்: அடையாள அட்டையை மறந்து வந்த நான், அட்டை இருந்தும் யாழ்ப்பாணத்தவர் என்று மறித்துவைக்கப்பட்ட மிஸ், எங்களைக் காவல் காத்த ஒரு கான்ஸ்டபிள்.

கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் குழாய் கழுவுபவன். மிஸ் அங்கே சிறுநீரக நோய் பற்றி ஆராய்ச்சி செய்தார். நோயாளிகளின் சிறுநீரை, உள்ளே வடிகட்டி உள்ள சின்னக் குழாய்களில் ஊற்றி மெஷினில் சுற்றவிடுவார். மெஷின் நின்றவுடன் எடுக்க வேண்டும். விட்டால் வடிகட்டியில் தேங்கியது ஒட்டிக் காய்ந்துவிடும், ஒன்றுக்கும் உதவாது. அவருடைய பட்டம் அதில்தான் தங்கியிருந்தது.

யுத்த காலம். சிறுநீர்க் குப்பிகளைக் குளிரில் வைக்க ஐஸ் வாங்கப் போன என்னைச் சந்தியில் பிடித்தார்கள். கடை முதலாளி மிஸ்ஸுக்கு போன் பண்ணியிருக்கிறார். மெஷின் சுற்றிக்கொண்டிருக்க, மிஸ் ஆய்வுகூடத்தில் கிடந்த என் அட்டையோடு வந்துவிட்டார்.

"ஏன் மிஸ் வந்தீங்க? ஒங்களையும் உட்கார வச்சிட்டாங்களே."

"போனில சொன்னா விடமாட்டினம். ஆள் வரவேணும்."

"மெஷின்ல உள்ளது?"

"அது காஞ்சிருக்கும். ஐஸ் எங்க?"

"உருகிருச்சி மிஸ்."

மிஸ் சிரித்துவிட்டார். கான்ஸ்டபிள் முறைத்தார்.

"சாப்பிட்டனீங்களோ?" என்று மெதுவாகக் கேட்டார் மிஸ்.

பொழுது சாய்ந்த பிறகுதான் விட்டார்கள். எனக்காக ஒருவர் தன் வேலையைப் போட்டுவிட்டு வந்தது அதுதான் முதல் தடவை. காய்ந்த குழாய்களை மெஷினிலிருந்து நானே எடுத்தேன்.

பன்னிரண்டு குழாய்கள்.