கோ லத் எந்த நாட்டு ஆள்?

பெயர் தெரியாத ஐயா, பழியை உங்கள் மேல்தான் போடுகிறேன். ஒரு மனுஷன் வீட்டுக்குப் போக மிச்சம் இருப்பது உங்கள் ஒற்றைக் கையெழுத்து. அதைப் போடாமல் உட்கார்ந்திருப்பவர் நீங்கள்.

கப்பலுக்கும் முகாமுக்கும் அரிசி, காய்கறி, மீன் போடுவது என் தொழில். இதில் பாதிப் பிழைப்பு சரக்கால், மீதிப் பிழைப்பு வாயால். போர்ட் பிளேருக்கு மூட்டை தூக்க வந்தவன் நான். பேரம் பேசக் கற்றுக்கொடுத்தது துறைமுகத்தில் வாங்கிய அடிதான். நாடும் நாடும் எப்படிப் பேரம் பேசும், நம்மை மாதிரியேதானா என்று எனக்கு எப்போதும் ஒரு குறுகுறுப்பு உண்டு. அது ஒருவழியாகத் தெரிந்துபோனது. ஒரு தாளுக்காகக் கவுண்டர் கவுண்டராக அலைந்தவர்கள் கேளுங்கள், உங்களுக்குத்தான் இது உறைக்கும்.

பருப்பு வேண்டாம்

எல்லை தாண்டி மீன் பிடித்தார்கள் என்று பிடிபடும் வெளிநாட்டு மீனவர்கள், தண்டனை முடிந்தபின் ஊர் போகும்வரை தங்கும் முகாம் ஒன்று இங்கே இருக்கிறது. அங்கே சாமான் போடும் ஒப்பந்தம் எனக்கு. முதல் நாளே என்னோடு மல்லுக்கு நின்றவன் கோ லத். பர்மாக்காரன். ‘கோ’ என்றால் அண்ணன் என்று அர்த்தமாம். படகில் அவன்தான் சமையல்காரன், முகாமிலும் அவனே. துவரம் பருப்பு மூட்டையைக் காலால் தள்ளிவிட்டு, புளிச்சக்கீரையும் மூங்கில் குருத்தும் கேட்டான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “கைதிக்கு விருந்து கேக்குதா?” என்று இந்தியில் கத்தினேன். அவன் கத்தவில்லை. ஜெயிலில் கற்றுக்கொண்ட இந்தியில் நிதானமாகச் சொன்னான்: “சேட், தண்டனை முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சு. நான் கைதியும் இல்ல, விருந்தாளியும் இல்ல. நான் யாருன்னு நீயே சொல்லு, அதுக்குத் தகுந்த சாப்பாட்டைப் போடு.”

படகுக்கு ஆள் உண்டு

கோ லத் வந்தது, ஹட் பே துறைக்குக் கிழக்கே நம் கடற்காவல் பிடித்த படகில். கிளம்பியது தாய்லாந்திலிருந்து, முதலாளியும் அந்த நாட்டுக்காரர். கூட வந்தவர்களை அவர்கள் நாடு கூப்பிட்டுக்கொண்டது. இவன் மட்டும் நின்றுவிட்டான். ‘படகு எங்களுடையது, இந்த ஆள் எங்கள் ஆள் இல்லை’ என்றது ஒரு நாடு. ‘எங்கள் ஆள் என்றால் எங்கள் கரையிலிருந்தல்லவா கிளம்பியிருப்பான், ஆதாரம் காட்டுங்கள்’ என்றது இன்னொன்று. நம் பக்கமோ, ‘அவர்கள் முதலில் எழுதட்டும்.’

முதலில் வாய் திறப்பவன் இறங்கிப்போகிறான் என்று அர்த்தம். இந்த ஆட்டம் எனக்குப் பழக்கம். ஜங்லிகாட் மீன் மார்க்கெட்டில் தினமும் ஆடுகிறேன். ஆனால் அங்கே நடுவில் கிடக்கும் மீன் கெட்டுப்போகும் என்ற பயம் இரண்டு பேருக்கும் உண்டு, மத்தியானத்துக்குள் பேரம் முடிந்துவிடும். நாடுகளுக்கு எதைப் பற்றி அந்தப் பயம் வரும் என்று முகாம் காவலரிடம் கேட்டேன். வங்காளி, எல்லோருக்கும் அவர் தாதா, அவர் பாஷையில் அண்ணன். அவர் வாயில் பீடாவை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “அண்ணா, படகைத் திருப்பிக் குடுன்னு ரெண்டு கடிதம் வந்துச்சு. இவனைக் குடுன்னு ஒண்ணுகூட வரல.”

கொத்தமல்லிப் போர்

கூட்டுப் பயிற்சிக்கென்று பல நாட்டுப் போர்க்கப்பல்கள் வந்து நின்றன. துறைமுகம் பூராவும் கொடி, பேண்டு வாத்தியம். அதில் ஒன்று பர்மாக் கப்பல். அதற்குக் காய்கறி போடும் ஆர்டர் எனக்கு. என் புத்தி எப்படிப் போகும்? இந்தக் கப்பல் எப்படியும் அந்த ஊருக்குத்தான் திரும்பப் போகிறது. ஒரு ஆளை ஏற்றிக்கொண்டால் என்ன, முழுகிவிடுமா? சரக்கை எண்ணி வாங்கிய அதிகாரியிடம் என் துறைமுக இங்கிலீஷில் கேட்டேன். சின்ன வயசு. சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார், முடியாது.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. இறக்கிய கொத்தமல்லிக் கட்டுகளையெல்லாம் திரும்ப டெம்போவில் ஏற்றினேன். “ஆளை ஏத்து, மல்லியை இறக்கறேன்” என்றேன். ஒரு நாட்டுக் கடற்படையைக் கொத்தமல்லியால் மடக்கப் பார்த்தவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அவர் கோபப்படவே இல்லை. “சார், நாங்கள் வந்திருப்பது இரண்டு நாட்டு நட்புக்காக. ஆட்களைக் கூட்டிப்போவது வேறு டிபார்ட்மென்ட்.”

ஆணியில் கோத்த சீட்டு

மறுநாள் அந்தக் கப்பலின் சமையல்காரரே என் கடை வாசலில் வந்து நின்றார், கொத்தமல்லி கேட்டு. அதுவும் தமிழில்! பர்மாவில் மோல்மேன் ஊரில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவராம். நான் முறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் கண் என்னிடம் இல்லை, சுவரில் இருந்தது. கோ லத் வாராவாரம் எழுதித் தரும் சாமான் சீட்டுகளை அங்கே ஆணியில் கோத்து வைத்திருந்தேன். எழுத்து பர்மா எழுத்து, எனக்காகப் பக்கத்தில் கீரை, மீன், மிளகாய் என்று படம் போட்டிருப்பான். படத்தைப் பார்த்துச் சாமான் போடுவேன், சீட்டை ஆணியில் குத்துவேன். அவ்வளவுதான்.

ஒன்றை உருவிப் படித்தார். அடுத்ததை உருவினார். அப்புறம் எல்லாவற்றையும். ஒவ்வொரு சீட்டின் அடியிலும், படம் இல்லாத ஒரு வரி இருந்தது. அதை எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார்: ஒரு பெண்ணின் பெயர், பர்மாவின் தெற்குக் கரையில் ஒரு ஊர். ‘இதைப் படிக்கத் தெரிந்தவர் அவளிடம் சொல்லவும், நான் உயிரோடு இருக்கிறேன்.’ இங்கேயே வடக்கே மாயாபந்தரில், பர்மாவிலிருந்து வந்து குடியேறி இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த குடும்பங்கள் உண்டு, அங்கே எனக்கு வாடிக்கையும் உண்டு. ஒரு நாளும் ஒருவரிடமும் நீட்டியதில்லை. கொத்தமல்லியோடு அத்தனை சீட்டையும் அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்: “ஏண்ணே, அவன் இவ்வளவு எழுதியிருக்கான், இதுல என்ன இருக்குன்னு ஒரு தடவைகூடவா நீங்க கேக்கல?”

கருத்தரங்கு

செய்தியைச் சேர்ப்பதாகச் சொல்லிப்போன சமையல்காரர் வாக்குத் தவறவில்லை. செய்தி போய்ச் சேர்ந்தது. சீட்டில் பெயர் இருந்த அந்த அம்மாள் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு அங்கேயுள்ள ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாளாம். எத்தனை நாள் உட்கார்ந்தாளோ! ‘எங்கள் ஆள்தான்’ என்று ஒரு கடிதம் வந்தது. கூடவே பயணத் தாளும் வந்தது, மூன்று மாதம் செல்லும். இனி நம் பக்கத்து அனுமதி மட்டும்தான் பாக்கி.

அந்தப் பாக்கிக்காக நானே ஆபீஸ் படி ஏறினேன். முறுக்கினால் காரியம் ஆகாது என்று கொத்தமல்லி விஷயத்தில் பட்டுவிட்டதால் இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, ஜீ போட்டுப் பேசினேன். கிளார்க் எனக்கு நாற்காலி கூடக் காட்டினார். “கையெழுத்துப் போடுற சாப் இல்ல, மெயின்லாண்ட் போயிருக்கார். பக்கத்து நாடுகளோட ஒத்துழைப்பைப் பத்தி ஏதோ கருத்தரங்கு.”

தேதி

இரண்டு மாதம் போய்விட்டது. நேற்று முகாமுக்குச் சாமான் கொண்டுபோனேன். கோ லத் துணியை மடித்துப் பையில் வைத்திருந்தான். பயணத் தாளில் உள்ள தேதியை விரலால் தொட்டுக் காட்டினான். அது தாண்டினால் என்ன ஆகும் என்று கேட்டான். மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும் என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு. தாளை மடித்துத் துணிகளுக்கு நடுவே வைத்தான். “சேட், தாள் செத்துப்போச்சுன்னா அடுத்த நாள் காலையில நான் யாரோட ஆள்?”

ஐயா, கப்பல்களும் கொடிகளும் பேண்டு வாத்தியமும் சாதிக்காததை ஒரு சமையல்காரரும் வாசலில் உட்கார்ந்த ஒரு பெண்ணும் முடித்துக் கொடுத்துவிட்டார்கள், நீங்கள் செய்ய வேண்டியது பேனா மூடியைக் கழற்றுவது ஒன்றுதான், அந்தத் தேதிக்கு முன்னால் கழற்றிக் கையெழுத்தைப் போடுங்கள்.