காளானுக்கும் செவுள் பார்த்தோம்

காளான் என்றால் எனக்குக் கடையில் விற்கும் பாக்கெட் காளான்தான். திருவொற்றியூர் மார்க்கெட்டில் அதை மூக்கருகே வைத்துப் பார்ப்பேன். வழவழத்திருந்தால் வாங்க மாட்டேன். வீட்டில் மண்ணைத் துடைத்து, அலசி, அது விடும் தண்ணீர் வற்றும்வரை வேகவிட்டால் முடிந்தது வேலை. ஆனால் எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அந்தப் புத்திதான் போன மழைக்காலத்தில் என்னைப் படுக்க வைத்தது.

மேல் வீட்டில் குடியிருக்கும் தம்பியின் மனைவிக்கு அப்போது நான்காம் மாதம். எட்டு வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை. எதைக் கண்டாலும் குமட்டியவளுக்குக் காளான்மேல் ஆசை வந்தது. பிள்ளைத்தாச்சி வாய்விட்டுக் கேட்டதை எப்படி இல்லையென்பது? காலையில் வேலை முடிந்து வந்த தம்பி, மாத்தூர் பக்கம் புல்லில் குடைகுடையாக நின்றவற்றை ஒரு பை நிறையப் பறித்து வந்துவிட்டான்.

எனக்குத் திக்கென்றது. மழைக்கு முளைத்ததெல்லாம் வேண்டாம், கடையில் வாங்கித் தருகிறேன் என்றேன். அவளோ முகத்துவாரக்குப்பத்துப் பெண். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனையும் வாங்கியதில்லை. அதே பழக்கத்தில் காளானைக் கவிழ்த்து, குடைக்கு அடியிலிருந்த மடிப்புகளை விரலால் விரித்தாள்.

"செவுளு எவ்ளோ சுத்தமா கீது பாருக்கா. கெட்டதுன்னா நெறம் மாறிப் பூடும்."

மீனுக்குள்ள சட்டம் காளானுக்கும் செல்லுமா? கேட்க நினைத்தேன். ஆனால் அந்த வெள்ளை மடிப்புகளைப் பார்த்து நானும் பாதி மயங்கிவிட்டேன். போனில் எப்போதோ பார்த்தது நினைவு வந்து, நன்றாக விரிந்த ஒரு காளானின் தலையை மட்டும் வெள்ளைத் தாளில் கவிழ்த்து டம்ளரால் மூடி வைத்தேன். அதிலிருந்து உதிரும் பொடியின் நிறம் தெரியுமாம். நிறத்தை வைத்து நல்லது கெட்டது சொல்ல எனக்கென்ன தெரியும்? சும்மா வேடிக்கை பார்க்கத்தான்.

மதியம் அவள் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு வதக்கினாள். வாசனை வீட்டையே தூக்கியது. மசக்கையில் நாக்கு செத்துப் போச்சு, உப்பு பார் என்று கரண்டியை நீட்டினாள். சந்தேகத்தை வைத்துக்கொண்டே இரண்டு துண்டு வாயில் போட்டேன், மடச்சி. எப்படித்தான் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டுமே. அப்புறம்தான் டம்ளரைத் தூக்கினேன். தாளில் பச்சையாகப் பொடி. காலையில் வெள்ளையாக இருந்த மடிப்பிலும் பச்சை ஏறியிருந்தது.

அவள் இன்னும் பரிமாறாத தட்டோடு உட்கார்ந்திருந்தாள். வாணலியைத் தூக்கி அப்படியே குப்பைக்கூடையில் கொட்டினேன். ஆசையாகக் கேட்டதை இப்படிச் செய்துவிட்டாயே என்று அழுதாள். தம்பி முறைத்தான்.

இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்குமாக எனக்குக் கண் இருட்டியது. சமைக்காத காளான் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு தம்பி ஆட்டோவில் ஏற்றினான். வேறு யாராவது சாப்பிட்டார்களா என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. வேகவைத்தாலும் போகாத விஷம் உண்டு, கண்ணால் பார்த்து முடிவு செய்கிற சமாச்சாரமா இது என்று திட்டினார்.

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் வயிற்றில் கை வைத்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, கசந்ததா என்று மெதுவாகக் கேட்டாள். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இல்லடி. நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப நானு சட்டியோட தின்னுருப்பேனேக்கா."