சிவப்பு முனை

என் மேசை லாச்சியில் ஒரு பென்சில் கிடக்கிறது. ஒரு முனை நீலம், மறுமுனை சிவப்பு. அந்தக் காலத்தில் கந்தோர்களில் எல்லாருக்கும் கொடுத்த சாதாரணப் பென்சில்தான். நீல முனையை எழுதி எழுதித் தேய்த்துவிட்டேன். சிவப்பு முனையால் எழுதியது ஒரே ஒரு பட்டியல். அதன் பிறகு அதைச் சீவவும் இல்லை, எறியவும் இல்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய ஆண்டுகளில் தலைமன்னார் இறங்குதுறையில் கிளாக்கராக இருந்தேன். அக்கரையிலிருந்து கப்பலில் வருகிறவர்களின் பெயர், வயது, பிறந்த இடம், யாருடன் வந்தவர் என்ற நான்கு விவரங்களைப் பதிவது என் வேலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் இருந்தது. வெள்ளைக் கோட்டு இருந்தது. இருபத்தாறு வயதில் அதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

என் உத்தியோகப் பத்திரத்தில் பிறந்த ஊர் பேசாலை என்று இருந்தது. அது பொய். நான் பிறந்தது அக்கரையில், பாம்பனில். அம்மா பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போயிருந்தா. பிறந்து பதினெட்டாம் நாள் தோணியில் என்னை இக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஞானஸ்நானம் பேசாலையில் நடந்ததால் கோயில் புத்தகத்தில் ஊரும் பேசாலையாகிவிட்டது. அப்பா அம்மா இருவரும் காலமான பிறகு, இக்கரையில் இந்த உண்மை தெரிந்த ஒரே ஆள் என்னைக் கையில் ஏந்திய மருத்துவிச்சி. சீவன் தேறாத அம்மாவுக்குத் துணையாக அதே தோணியில் வந்தவர், ஊரில் ஒருத்தி மாறி ஒருத்திக்கு வலி எடுக்க, திரும்பிப் போகவே இல்லை.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. தொப்புள்கொடியைக் கட்ட, தகப்பன் இடுப்பில் உடுத்த சாரத்திலிருந்து உருவிய நூலைத்தான் எடுப்பார். வலியில் மனைவி கத்திக்கொண்டிருக்க, புருசன்மார் வாசலில் நின்று சாரத்து நூலை உருவுவார்கள். நான் பிறந்தபோது அப்பா இக்கரையில் வேலையாக இருந்தார். அதனால் கரையில் கிடந்த தோணிப் பாயிலிருந்து நூல் எடுத்தாராம். "பாய்நூலில கட்டின பிள்ளை, கண்ட கடலெல்லாம் ஓடும்" என்று சிறுவயதில் என்னைப் பகிடி பண்ணுவார். நான் கிளாக்கரானதும் அந்தப் பகிடியைத் தானாகவே நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

அந்த வருடம் வெள்ளைக்கார ராசாவின் பிறந்தநாளுக்கு முன், இறங்குதுறையில் சுமை தூக்கியவர்கள் ஒன்று சொன்னார்கள்: ஊருக்கெல்லாம் லீவு என்றால் எங்களுக்கும் லீவு வேண்டும், அன்று சுமை எடுக்க மாட்டோம். அவர்களில் பாதிப் பேர் இந்தத் தீவார், பாதிப் பேர் அக்கரையார். ஆனால் பொலிசுக்குக் குற்றவாளி அக்கரையார் மட்டுமே. நாலு பேர் கூடி நிற்கத் தடை வந்தது. கறுப்புக்கொடி காட்டிவிடுவார்கள் என்று தொழிலாளரின் குடிசைகளுக்குள் புகுந்து கறுப்புத் துணி தேடினார்கள். ஒரு கிழவியின் துக்கச் சேலையையும் எடுத்துப் போனார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் என் மேசைக்கு வந்து இந்தப் பென்சிலை வைத்தார். "இங்க குழப்பம் செய்யிற அக்கரையாரைச் சிவப்பில எழுதித் தாரும். கொண்டாட்டம் முடிஞ்ச கையோட கப்பல் ஏத்திறன்."

இருபத்திரண்டு பெயர் எழுதினேன். இருபத்துமூன்றாவதாக, யாரும் கேட்காமலே, மருத்துவிச்சியின் பெயரை எழுதினேன். அவர் சுமை தூக்கியவரல்ல. ஒரு குழப்பமும் செய்யவில்லை. என் பிறந்த ஊரைச் சொல்லி என் உத்தியோகத்தைப் பறிக்கக்கூடிய ஒரே வாய் கடலுக்கு அப்பால் போகட்டும் என்று நினைத்தேன். இதற்கு வேறு காரணம் இல்லை. அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். வாரம் தவறாமல் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

பிறந்தநாள் காலை இறங்குதுறை முழுவதும் கொடி. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தின்ன இனிப்புப் பணிசு கொடுத்தார்கள். மன்னாரை ஆண்ட வெள்ளைக்கார ஏசண்டுத் துரை யூனியன் ஜாக்கை ஏற்றினார். கொழும்பிலிருந்து வந்த ஒரு சட்டசபைக்காரர் ஆங்கிலத்தில் பேச, நான் தமிழில் சொன்னேன். அந்நியர் நம் சோற்றைத் தின்கிறார்கள் என்று அவர் சொன்னார். "கப்பலில் வந்தவர்கள் கப்பலிலேயே போகட்டும்!" என்று சொன்னபோது என் குரலில் அவரிடம் இல்லாத சூடும் இருந்தது.

கூட்டத்துக்குள்ளிருந்து எருக்கலம்பிட்டி மீன் வியாபாரி ஒருவர் கேட்டார்: "அப்ப கொடி ஏத்தின துரை என்ன, நீந்தியே வந்தவர்?"

பணிசு தின்றுகொண்டிருந்த பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். மறுகணம் குண்டாந்தடி அவர் தோளில் விழுந்தது. இழுத்துப் போகும்போதும், "சிரிச்ச ஆக்களையும் எழுதுங்கோ கிளாக்கர்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

பிறகு கப்பலடியில் பட்டியலை வாசித்தார்கள். மருத்துவிச்சி ஒரு சின்னப் பொட்டலத்துடன் கடைசியாக வந்தார். நரைத்த தலையைப் பார்த்து இன்ஸ்பெக்டரே தயங்கினார்.

"எத்தினை வருசம் இங்க?"

"இருபத்தாறு, ஐயா."

என் வயது.

"ஆரோட வந்தனீ?"

மருத்துவிச்சி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. வலி எடுத்தவளின் முகத்தைப் பார்த்து இன்னும் எவ்வளவு நேரம் என்று கணிப்பாரே, அந்தப் பார்வை. ஒரு சொல் போதும்: இந்தப் பிள்ளையோட. என் கோட்டு, என் கதிரை, என் பெயர் எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கின.

"தனிய வந்தனான்," என்றார்.

நான் அதைச் சிவப்பில் பதிந்தேன்.

ஏணியில் கால் வைக்கும் முன் அவர் என் பக்கம் குனிந்தார். எல்லார் முன்னும் கிளாக்கர் ஐயா என்று அழைப்பவர், அன்று மெதுவாக, "தம்பி" என்றார். "பிள்ளை குறுக்க கிடக்குது. வீட்டில வைச்சுப் பாக்கவேண்டாம். வலி வர முந்தியே மன்னார் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. அங்க நூல் கேக்க மாட்டினம். எண்டாலும் சாரத்தில ஒண்டை உருவிக் கொண்டு போங்கோ."

பிறகு நிமிர்ந்து, ஒரு பேறு முடிந்த வீட்டைவிட்டுப் புறப்படுகிறவர்போல, திரும்பிப் பார்க்காமல் ஏறினார். கடலுக்கு முன் நின்றும் நான் அவ்வளவு சிறியவனாக உணர்ந்ததில்லை.

அவர் சொன்னபடியே பிள்ளை குறுக்கேதான் கிடந்தது. ஆசுப்பத்திரியில் டாக்குத்தர் வயிற்றைக் கீறி எடுத்தார். வீட்டில் வைத்திருந்தால் இருவரும் தப்பியிருக்க மாட்டார்கள் என்றார். நான் சாரத்து நூலைக் கைக்குள் வைத்துக்கொண்டு விறாந்தையில் நின்றேன். யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகும் பல வருடங்கள் கப்பல் ஓடியது. காலையில் ஏறினால் பின்னேரத்துக்குள் அக்கரை. நான் ஒருநாளும் ஏறவில்லை. அவர் எங்கே இருந்தார், எப்போது கண்மூடினார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பார்வைக்கு முன் மறுபடி போய் நிற்கப் பயந்தேன்.

இன்று லாச்சியைத் திறந்து பென்சிலை எடுத்தேன். சிவப்பு முனையைச் சீவினேன். ஒரு தாளில் இருபத்துநாலு என்று இலக்கமிட்டு என் பெயரை எழுதினேன். பிறந்த இடம் பாம்பன். யாருடன் வந்தவர் என்பதற்கு நேரே, மருத்துவிச்சியுடன் என்று எழுதினேன்.