சசிக்குமாருக்கு வராத டெங்கு

சசிக்குமார் மாத்தளை மலைப்பக்கம் ரிவர்ஸ்டனுக்கு அருகே தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் யாரும் எடுக்காமல் கிடந்த ரெக்கோடர் என்ற ஊதுகுழல் ஒன்று பத்து வயதில் அவர் கைக்கு வந்தது. மற்றப் பிள்ளைகள் அந்தக் குழலைப் பரிசளிப்பு விழாவோடு மறந்துவிட்டார்கள். அவர் விடவில்லை. கண்டிக்கு பஸ் ஏறிப் போய் இசைப் பரீட்சைகள் எழுதினார். முப்பது வயதில் மாத்தளையில் மூன்று பள்ளிக்கூடங்களில் ரெக்கோடர் சொல்லிக்கொடுத்தார். ஞாயிறு வகுப்பும் நடத்தினார்.

அந்த வகுப்பில் கூட்டாளி யோகேஸ்வரன். பள்ளிக்கூடத்தில் அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். சசிக்குமார் சின்ன ரெக்கோடரும் யோகேஸ்வரன் தடித்த குரலுள்ள பெரியதும் ஊத, எட்டு வருடம் கோயில் மண்டபம், கல்யாண வீடு என்று எல்லா மேடையிலும் சேர்ந்தே வாசித்தார்கள். யார் எங்கே மூச்செடுப்பார் என்பது மற்றவருக்குத் தெரியும்.

ஒருமுறை கண்டியில் பெரிய கச்சேரிக்கு அழைப்பு வந்தது. ஏற்பாட்டாளர்களோடு பேசியது யோகேஸ்வரன்தான். மூன்று மாதம் பயிற்சி செய்தார்கள். கச்சேரிக்கு நான்கு நாள் இருக்கும்போது, மண்டபம் கிடைக்கவில்லையாம், தள்ளிப் போட்டுவிட்டார்களாம் என்று யோகேஸ்வரன் சொன்னார். சசிக்குமார் நம்பினார். கச்சேரிக்கு முதலில் குறித்திருந்த நாள் மாலை வீட்டில் துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் கமலாட்சி வந்தார். அவருடைய மகள் வகுப்பில் படிக்கிறாள். கையில் ஒரு போத்தல் பப்பாசி இலைச் சாறு. கதவைத் திறந்த சசிக்குமாரைக் கண்டதும் அந்த அம்மா திகைத்துப்போனார்.

"எந்திரிச்சு நடக்கிறீங்களே சேர். உங்களுக்கு டெங்குக் காய்ச்சல்னு நேத்து மேடையிலயே சொன்னாங்க."

"எந்த மேடையில?"

"கண்டியில. யோகேஸ் சேரோட வேற ஒரு டீச்சர் வாசிச்சாங்க."

சசிக்குமார் போத்தலை வாங்கிக்கொண்டார். நன்றி சொன்னார். நேரே யோகேஸ்வரன் வீட்டுக்குப் போனார்.

யோகேஸ்வரன் வீட்டில்தான் இருந்தார். மறுக்கவில்லை. கச்சேரிக்கு வரவிருந்த ஒரு தனியார் பள்ளிக்கூடத்தார் ரெக்கோடர் ஆசிரியர் ஒருவரைத் தேடுவது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

"ஒரு வேலதான் மச்சான் இருந்துச்சு," என்றார். "நீ வந்து ஊதுனா உனக்குத்தான் குடுப்பாங்க. எனக்கு அது தெரியும்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா விட்டுக் குடுத்திருப்பியா?"

சசிக்குமார் எழுந்து வெளியே வந்துவிட்டார். வேலை போனதைவிட, அந்தக் கடைசி நான்கு நாளும் யோகேஸ்வரன் தினமும் வந்து கூடவே உட்கார்ந்து தேநீர் குடித்ததுதான் தாங்க முடியவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்.

அந்த வேலை கிடைத்து யோகேஸ்வரன் குடும்பத்தோடு கண்டிக்குப் போய்விட்டார். ஞாயிறு வகுப்பைச் சசிக்குமார் தனியாகவே நடத்தினார். இருவராக வாசித்த உருப்படிகளை எல்லாம் ஓரம் வைத்துவிட்டு, ஒரே ரெக்கோடருக்கான நிகழ்ச்சியைப் புதிதாக அமைக்க இரண்டு வருடம் ஆனது. இப்போது கொழும்பிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். நாற்பது பிள்ளைகள் படிக்கிறார்கள். சேர்ந்து வாசிக்கலாமா என்று நல்ல கலைஞர்கள் இரண்டு பேர் கேட்டபோது, நேரமில்லை என்று சொல்லிவிட்டார். நேரம் இருந்தது.

கச்சேரிக்கு யார் மூலம் அழைப்பு வந்தாலும் மண்டபத்துக்குத் தானே தொலைபேசி எடுத்துத் தேதியைக் கேட்கிறார். கச்சேரிக்கு முந்தின நாள் இன்னொரு தடவையும் கேட்கிறார்.