ஈரக் கை

இது நடந்தது. மோகனப்ரியா பொய்யே பேசாதவள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தன் மானத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் கதையை யார் கற்பனை செய்து சொல்லுவார்கள்? சொல்லி முடிக்கும்வரை வெட்கத்தில் அவளால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சூளகிரித் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடம். உடம்பின் வழியாக மின்சாரமும் சூடும் எப்படிக் கடக்கின்றன என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. விருதுநகர்ப் பக்கத்துப் பெண்ணான மோகனப்ரியா அங்கே உள்ளங்கைகளை அளந்துகொண்டிருந்தாள். தொழிற்சாலை ஆட்கள், விவசாயிகள் என்று பலரையும் வரவழைத்து, செம்புத் தகட்டின் மேல் கையை வைக்கச் சொல்வாள். ஒரு மீட்டர், தோல் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும். இன்னொன்று, கையிலிருந்து தகட்டுக்கு எவ்வளவு சூடு இறங்குகிறது என்று காட்டும்.

சானமாவுக் காட்டை ஒட்டி ராகி போட்டிருந்த திம்மப்பன் ஒரு செவ்வாய்க்கிழமை, தம்பி ராஜப்பனோடு வந்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. வைத்ததும் முதல் மீட்டர் எல்லை தாண்டிப் போயிற்று. வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். தம்பி கையும் அப்படித்தான். மோகனப்ரியாவுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அண்ணே, இது கையில்ல, ரப்பர் உறை என்றாள்.

"அப்ப கரண்டு ஒண்ணும் பண்ணாதுங்களா மேடம்?" திம்மப்பன் சிரிக்காமல்தான் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணாது."

காய்ந்த கைக்கே அது தப்பான பேச்சு. நனைந்த கைக்கோ எமனைக் கூப்பிடுகிற பேச்சு. அந்தப் பக்கத்து நிலங்களில் சிலர் காட்டுப்பன்றிக்குப் பயந்து, மோட்டார் லைனிலிருந்து வேலிக் கம்பிக்குத் திருட்டுத்தனமாகக் கரண்டு இழுப்பார்கள். அது அவளுக்கும் தெரியும். பஸ்ஸில் வீடு திரும்பும்போதே நெஞ்சு உறுத்தியது. திம்மப்பனின் போன் நம்பர் கையில் இருந்தது. இவ்வளவு படித்துவிட்டு, நான் சொன்னது தப்பு என்று எப்படிச் சொல்வது? இன்று, நாளை என்று தள்ளிப்போட்டாள்.

சனிக்கிழமை ராத்திரி பேய் மழை. ஞாயிறு காலையில் நின்று, மதியத்துக்குள் ரோடெல்லாம் காய்ந்துவிட்டது. விடுமுறை நாள். பாக்கி வேலையை முடிக்க அவள் மட்டும் வந்திருந்தாள். மணி மூன்றேகால் இருக்கும்.

டொக்... டொக்...

கதவருகே திம்மப்பன். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். வெளியே வெயில் சுட்டெரித்தது.

அது அவள் புத்தியில் ஏறவில்லை. அவரைப் பார்த்ததும் கூசிப்போய்த் தலை குனிந்துகொண்டாள்.

"இன்னொரு தடவை அளந்து பாருங்க மேடம்."

கையை வைத்தார். முதல் மீட்டர் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது... தோலே இல்லாததுபோல்.

மயிர் பொசுங்கிய வாடை வந்தது.

இரண்டாவது மீட்டரைப் பார்த்தாள். பூஜ்யம்.

உயிருள்ள கை தகட்டைவிடச் சூடாக இருக்கும். கொஞ்சமாவது சூடு இறங்கியே தீரும். ஒயர் கழன்றுவிட்டதோ என்று தன் கையை வைத்துப் பார்த்தாள். மீட்டர் சட்டென்று ஏறியது.

மறுபடி அவர் கை. பூஜ்யம்.

"அன்னிக்குச் சொன்னீங்களே... அது ஈரக் கைக்கும் சேத்துங்களா?"

"இல்லண்ணே. காஞ்ச கையாலயும் தொடக் கூடாது. நான் சும்மா... பெருமைக்குச் சொல்லிட்டேன்."

அவர் கோபப்படவில்லை.

"தம்பிகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் எத்தினி தடவை சொல்லியும் அவன் காதுல விழல."

ஊரார் முன்னால் போய் நின்று தப்பை ஒப்புக்கொள்வதை நினைத்தாள். உடம்பே குன்றிப்போயிற்று.

"நாளைக்கு வர்றேண்ணே."

"வந்துடுவீங்கல்ல?"

"கண்டிப்பா."

நிமிர்ந்தாள்.

யாரும் இல்லை.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை...

கீழே ஓடினாள். காவலாளி இளம்பரிதி, காலையிலிருந்து உங்களைத் தவிர யாருமே உள்ளே வரவில்லை என்றார்.

அப்போதாவது போயிருக்கலாம். பஸ் பிடித்தால் அரை மணி நேரம். அவள் தான் தங்கியிருந்த அறைக்குப் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

திங்கள் காலையில் போனாள். திம்மப்பன் வீட்டு வாசலில் பந்தல். உள்ளே இரண்டு பேரைக் கிடத்தியிருந்தார்கள்.

பக்கத்து நிலத்துக்காரர் ஆஞ்சப்பன்தான் விவரம் சொன்னார். அவர்கள் வேலியிலும் திருட்டுக் கரண்டுதானாம். முன்பெல்லாம் அறுந்த கம்பியை முடிச்சுப் போட வேண்டுமென்றால், மோட்டார் கொட்டகைக்கு நடந்துபோய்க் கரண்டை அணைத்துவிட்டுத்தான் தொடுவார்களாம். போன வாரத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேரும் அந்த நடையை விட்டுவிட்டார்களாம். சனிக்கிழமை ராத்திரி, மழையில், திம்மப்பன் கம்பியைத் தொட்டிருக்கிறார். மனைவி மங்கம்மா கல்யாணத்துக்குக் குருபரப்பள்ளி போயிருந்ததால் யாரும் தேடவில்லை. ஞாயிறு பொழுது சாய்கிற நேரத்தில்தான் தம்பி போய்ப் பார்த்திருக்கிறான். அண்ணன் மேல் கம்பி கிடந்தது.

"கரண்டை அணைச்சுட்டுத் தொடுடான்னு கத்தினேங்க. நம்ம கைக்கு ஒண்ணும் ஆவாது, மேடமே சொல்லியிருக்காங்கன்னு போய்க் கம்பியப் புடிச்சுட்டான்."

மோகனப்ரியா நேரத்தைக் கணக்குப் பார்த்தாள். நேற்று மூன்றேகாலுக்குத் தன் முன்னால் நின்றவர், முந்தின ராத்திரியே செத்துப்போனவர்.

அவள் மங்கம்மாவிடம் போய் நின்றாள். நான்தான் அந்த மேடம் என்றாள். அடிப்பார், திட்டுவார் என்று காத்திருந்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது.

மங்கம்மா அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நேத்து நாலு மணிக்கு அவரு கல்யாண மண்டபத்து வாசல்ல வந்து நின்னாரும்மா. கம்பியத் தொடக் கூடாதுன்னு தம்பிக்கு யாராச்சும் சொல்லணும்னாரு. நான் அவனுக்குப் போன் பண்ணப் போனேன். வேணாம், மேடம் கண்டிப்பா வர்றேன்னு சொல்லியிருக்காங்கன்னாரு. அதான் நான் பண்ணல."