மூன்றாம் மாடியில் ஒரு லயம்

இன்று காலை ஆயர் குரோ டோல் வரிசையில் கார் நின்ற நேரத்தில், யாரோ ஒரு மாணவி அனுப்பிய கேள்வித்தாள் வாட்ஸ்அப்பில் வந்தது. ‘உங்கள் குடியிருப்புச் சூழலில் எவ்வளவு திருப்தி? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லவும்.’ எல்லாவற்றுக்கும் நான்கு போட்டு அனுப்பிவிட்டேன். பாவம். என்னிடம் எத்தனை பேர் இப்படி நான்கு போட்டுத் தப்பித்தார்களோ.

நானும் அந்தப் பிழைப்புப் பிழைத்தவள்தான். பல வருஷத்துக்கு முன், முதுகலை ஆய்வு. மனிதர்களும் அவர்கள் வாழும் இடமும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று தலைப்பு. அம்மாவிடம் விளக்கினேன். “வேலை கெடைக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை மூடி, ஒரே லயத்தில் இருந்த பத்துக் குடும்பங்களைப் புக்கிட் ரம்பாயில் ஐந்து மாடி வாடகை பிளாட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். லயம் உனக்குத் தெரியும்தானே? சுவருக்குச் சுவர் ஒட்டிய நீள வரிசை வீடுகள். கழுத்தில் அட்டை, கையில் கிளிப்போர்டு, முகத்தில் டாக்டர் பட்டமே வாங்கிவிட்ட களையோடு கிளம்பினேன். போனால் மாடி முழுக்க பெனாயில் வாசம். நான் வருவது தெரிந்து தரையைத் துடைத்து, வெளியே கிடந்த நாற்காலி, துணிக்கொடி எல்லாவற்றையும் உள்ளே தள்ளியிருந்தார்கள். தோட்டத்தில் துரை பார்வையிட வரும் நாளின் பழக்கம். நான் பார்க்க வந்ததே அந்த நாற்காலியையும் கொடியையும்தான்.

அதைவிடப் பெரிய தலைவலி பெயர்கள். வீட்டுவசதி அலுவலகம் தந்த பட்டியலில் மூன்றாம் மாடி முதல் வீட்டுக்கு வேறு யாரோ பெயர். கதவைத் திறந்தது சரசு அக்கா. அடுத்த வீடும் அப்படியே. பத்துக்குப் பத்தும் தப்பு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரசு அக்கா வாசலிலேயே நின்று அலுவலகத்துக்குப் போன் போட்டேன், அவர்கள் பட்டியலின் லட்சணத்தைச் சொல்லிக்காட்ட. மணி அடிக்கும்போதே அக்கா போனை என் கையிலிருந்து எடுத்து, அணைத்து, தன் நைட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அவங்க லிஸ்ட் சரிதான் பாப்பா. நாங்கதான் மாறி உக்காந்திருக்கோம்.”

வீடு ஒதுக்கிய குலுக்கலில் ஐந்து மாடிக்கும் சிதறிப்போனார்களாம். மற்றவர்களிடம் பேசிப் பேசிச் சாவியை மாற்றி, ஒரே மாதத்தில் மூன்றாம் மாடியில் அதே லயத்து வரிசையில் வந்து சேர்ந்துவிட்டார்கள். இதில் வேடிக்கை, சரசு அக்காவும் பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவும் பதினோரு வருஷமாகப் பேசுவதில்லை. பிறகு ஏன் பக்கத்திலேயே என்று கேட்டேன்.

“அவகிட்ட பேசாம இருக்கணும்னா, அவ பக்கத்துல இருந்தாத்தானே முடியும்?”

சுவருக்கு அந்தப் பக்கம் மாரியாயி அக்கா தொண்டையைச் செருமினார். ஆமோதிக்கிறாராம்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இடம் மனிதரை மாற்றுவதைத் தேடி வந்தேன். இவர்கள் இடத்தையே மாற்றி வைத்திருந்தார்கள். இது ஒன்று போதும், மொத்தத் துறையும் வாய் பிளக்கும். பரபரவென்று வரைபடம் போட ஆரம்பித்தேன். சரசு அக்கா ஒரு கோப்பை மைலோவை என் முன்னால் வைத்துவிட்டு, பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதிராதம்மா. வீடு மாத்தக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. தெரிஞ்சா சாவிய புடுங்கிருவாங்க. தோட்டமும் இல்ல, எங்கலா போறது?”

பெயர் போடாமல் எழுதலாமே என்றேன். பத்து வீடு, ஒரே மாடி, இதுக்குப் பேர் வேறயா என்றார்.

எழுதவில்லை. என்னைத் தியாகி என்று நினைத்துவிடாதே. இரண்டு வாரம் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் திருப்தி சராசரி, பசுமைவெளி போதாது என்று பக்கம் பக்கமாக நிரப்பிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் படித்துவிட்டு, எல்லாம் முறையாக இருக்கிறது, புதிதாகத்தான் ஒன்றுமில்லை என்றார். தலையாட்டினேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

போன மாதம் அந்த மூன்றாம் மாடிக்கு ஏறிப் பார்த்தேன். அவர்கள் பிள்ளைகள் ஆயர் குரோவிலும் ஜொகூரிலும் வீடு வாங்கி, ஒவ்வொருவராகக் கூட்டிப்போய்விட்டார்கள். சரசு அக்கா முதலில். மாரியாயி அக்கா அடுத்த மாதமே. இப்போது பத்துக் கதவுக்குப் பின்னாலும் தொழிற்சாலை வேலைக்கு வந்த புதியவர்கள். பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறார்கள்.

இனி நான் அதைத் தாராளமாக எழுதலாம். பிடுங்குவதற்கு அங்கே அவர்கள் சாவி ஒன்றுகூட இல்லை.