இருபத்து மூன்றாவது பங்காளி

காரைக்குடியின் அந்தப் பெரிய நகரத்தார் வீட்டில் கருப்பிக்குச் சொந்தமாக ஓர் ஆணிகூடக் கிடையாது. ஆனாலும் இருபது வருடமாக அதைக் கூட்டித் துடைத்து விளக்கேற்றுகிறவள் அவள்தான். கணவன் போன பிறகு அடுப்படியை ஒட்டிய சின்ன அறைதான் அவள் உலகம். வீட்டுக்கு இருபத்திரண்டு பங்காளிகள், ஒருவரைத் தவிர எல்லோரும் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாக. அத்தனை பேரும் சம்மதிக்காமல் ஒரு கதவுக்குக்கூடச் சாயம் அடிக்க முடியாது.

அப்படிப்பட்ட வீட்டை, தங்கை மகன் முகேஷ் பாட்டு வீடியோ எடுக்கக் கெஞ்சினான் என்று, யாரையும் கேட்காமல் ஒரு மணி நேரம் திறந்துவிட்டாள் பாவி!

முகேஷ் வீடு வீடாகச் சாப்பாடு டெலிவரி செய்கிறவன். ராப் பாடும்போது மட்டும் அவன் பெயர் 'டேஞ்சர் எம்.கே.' வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் வந்ததில் நிலைப்படி தடுக்கி விழுந்தான். கழுத்தில் நாய்ச் சங்கிலி கனத்துக்கு ஒரு மஞ்சள் சங்கிலி. வியர்வை பட்டுக் கழுத்தெல்லாம் பச்சை. நண்பனின் செல்போனைப் பார்த்து விரல்களை முறுக்கிக்கொண்டு கத்தினான்.

"என் பாட்டன் கட்டுன அரமன, நாந்தாண்டா ஒரே வாரிசு! எதுத்து வந்தா எட்டு வெட்டு, ஜெயிலுக்கே நான் பழைய கேசு!"

கருப்பி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"ஏண்டா, நீ எப்ப ஜெயிலுக்குப் போன?"

"ஹெல்மெட் போடலன்னு ஒருவாட்டி ஸ்டேஷன்ல நிப்பாட்டுனாக பெரியம்மா. அதைப் பாட்டுல சொல்ல முடியுமா?"

அவன் வீடியோவை இணையத்தில் போட்ட மூன்றாம் நாள் காலை போன் வந்தது. உள்ளூரில் இருக்கும் ஒரே பங்காளி அழகுசுந்தரம்.

"கருப்பி, யாரவன்? ஒரே வாரிசுங்கிறான்! வாட்ஸ்அப்புல அத்தனை பேரும் கொதிக்கிறாக. எந்த வழியில வந்த பங்காளின்னு சிங்கப்பூர்ல கேக்குறாக. வக்கீலுக்குச் சொல்லியாச்சு. சாயங்காலம் அவனைக் கூட்டிட்டு வந்து நிறுத்து."

அன்று அவள் சோறு பொங்கவில்லை. இரண்டு சேலையையும் கணவன் படத்தையும் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த வயதில் எந்த வாசலில் போய் நிற்பாள்?

சாயங்காலம் அழகுசுந்தரம் தன் மனைவி தேனம்மையோடு வந்தார். தூணில் சாய்த்து வைத்த செல்போனில் மற்றப் பங்காளிகளின் முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. கண்ணாடியும் சங்கிலியும் இல்லாத முகேஷ், பரீட்சைக்கு வந்த பிள்ளை போல நின்றான்.

"தம்பி, உங்க பாட்டன் என்ன பண்ணாரு?" என்று கேட்டார் அழகுசுந்தரம்.

"செங்கல் சூளையில வேலை பாத்தாரு ஐயா."

"அவரா இந்த வீட்டைக் கட்டுனாரு?"

"ராப்புன்னா அப்படித்தான் ஐயா. இல்லாததைத்தான் பாடுவோம்."

"எட்டு வெட்டுன்னியே, யாரை?"

"கோழி அறுத்தாலே மயங்கி விழுந்துருவான் ஐயா!" என்று அழுதாள் கருப்பி.

முகேஷ் அங்கேயே வீடியோவை அழித்தான். அதுவரை பார்த்தவர்கள் அறுபத்தொரு பேர். அதில் இருபத்திரண்டு பேர் பங்காளிகள்.

"பையனை விடுங்க," என்றது சென்னைக் கட்டம். "யாரைக் கேட்டு அந்தப் பொம்பளை கதவைத் திறந்தா? நாளைக்கே காலி பண்ணச் சொல்லுங்க."

கருப்பி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

தேனம்மை ஆச்சி போன் பக்கம் திரும்பினாள்.

"சரி. நாளையிலேருந்து இத்தனை அறையையும் யாரு கூட்டுவா? நீங்க வாரீகளா? சிங்கப்பூர்க்காரவுக வாரீகளா?"

செல்போனில் ஒரு கட்டம் அணைந்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் எல்லாமே.

"இனிமே என்னைக் கேக்காம ஒரு காக்காயக்கூட உள்ள விடாத," என்று சொல்லிவிட்டு அழகுசுந்தரம் எழுந்தார்.

அவள் அறை அவளுக்கே தங்கியது. ஆனால் பயம் போகவில்லை. இப்போதும் தெருவில் பைக் சத்தம் கேட்டால், முதலில் கதவைத் தாழ்போட்டுவிட்டுத்தான் "யாரது?" என்கிறாள்.